வில்லியம் சிம்ப்சன்: முடிச்சுக் குடுத்த 250 வாட்டர்கலரும் கடன்ல முழுகிப் போன கதை

மைத்துளி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இந்த ஆளப் பத்தி ஒரு இழை ஆரம்பிக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் பாதில விட்ருவேன், இன்னைக்கு லீவு, ஆரம்பிச்சிட்டேன், இனி உங்க பாடு.

வில்லியம் சிம்ப்சன். 1823 அக்டோபர் 28, கிளாஸ்கோல பொறந்தவரு. ரொம்ப ஏழைக் குடும்பம். பள்ளிக்கூடம்னு ஒழுங்கா போனது பெர்த்ல பாட்டி வீட்ல இருந்தப்ப கொஞ்ச காலம்தான், அதோட சரி. திரும்ப கிளாஸ்கோ வந்து கல்லச்சுக் (லித்தோகிராஃப், கல்லுல வரைஞ்சு அச்சடிக்கிறது) கம்பெனில சேர்ந்தாரு, 7 வருஷம் ஆலன் அண்ட் ஃபெர்குசன்கிட்ட அப்ரண்டிஸ். அதாவது நம்ம ஊர்ல மெக்கானிக் ஷெட்ல பசங்கள விடுவாங்கல்ல, அந்த மாதிரி. பகல்ல கல்லு, ராத்திரில சாயங்கால வகுப்பு, விடியக்காலம் எழுந்து பழைய கிளாஸ்கோ தெருவெல்லாம் வரையிறது. 1851ல லண்டன், டே அண்ட் சன் கம்பெனி.

அங்கேர்ந்து இந்த மனுஷன் போன ஊரு லிஸ்ட் போட்டா தலை சுத்தும். கிரிமியா, இந்தியா, திபெத் எல்லை, அபிசீனியா (இப்ப எத்தியோப்பியா), சூயஸ் கால்வாய் திறப்பு, ஜெருசலேம், பாரிஸ் கம்யூன், பீக்கிங், கலிஃபோர்னியா, ஆப்கானிஸ்தான். எல்லாத்துக்கும் கையில ஒரு பென்சில், ஒரு கலர் டப்பா. ஆனா வாட்டர்கலர்னு பேசுற எந்த குரூப்லயும் இவர் பேரு வர்றதே இல்ல. இங்கிலாந்து ஓவியர்கள் டர்னர் வரும், கிர்ட்டின் வரும். இவரு வரமாட்டாரு. ஏன்னு எனக்கு ஒரு எண்ணம் இருக்கு, ஆனா முதல்ல நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு கேக்குறேன்.

வெட்டிப்பேச்சு:
பேரே இப்பத்தான் கேக்குறேன் பாஸ். கூகுள்ல போட்டு நாலு படம் பாத்தேன். நல்லாருக்கு, ஆனா ஒரு மாதிரி... பழைய பள்ளிக்கூட சரித்திர புக்குல வர்ற படம் மாதிரி இருக்கு. ஆளுங்க எல்லாம் மரப்பாச்சி மாதிரி நிக்கிறாங்க. டர்னர் படத்துல மூடுபனி உள்ள நம்மளே நடக்குற மாதிரி இருக்கும்ல, அது இதுல இல்ல. கோச்சுக்காதீங்க.

மைத்துளி:
கோவமே இல்ல, அதுதான் நானும் சொல்ல வந்தது. ஆனா நீங்க பாத்தது அநேகமா அச்சுப் படம், அவரு கையால போட்டது இல்ல. அத அப்புறம் சொல்றேன். முதல்ல ஒரு கதை.

1854ல பிரிட்டன் ரஷ்யாவ எதிர்த்து கிரிமியா சண்டைல எறங்கிருச்சு. லண்டன்ல சிம்ப்சன் என்ன பண்ணிட்டிருக்காருன்னா, போகாத ஊருக்கு படம் போட்டுட்டிருக்காரு. கிரிமியால இருக்குற ரஷ்யக் கோட்டை செவாஸ்டபோல் எப்படி இருக்கும்னு மேப்பையும் நியூஸ்பேப்பரையும் வச்சு கல்லுல வரையிறது. ஜனங்க வாங்குறாங்க. அப்புறம் கோல்னாகின்னு படம் விக்கிற கம்பெனி, இப்படி யூகத்துல போடறதுக்கு பதிலா ஒருத்தர நேர்லயே அனுப்பிரலாமேன்னு முடிவு பண்ணி இவர அனுப்புனாங்க. பாலக்ளாவா துறைமுகத்துல நவம்பர் 15 போய் இறங்குறாரு. முந்தின நாள்தான் பெரிய புயல் அடிச்சு கப்பலெல்லாம் ஒடஞ்சு கெடக்குது, குளிருக்கு வந்த துணிமணி எல்லாம் கடல்ல.

லைட் பிரிகேட்னு பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்ய பீரங்கிங்கள நோக்கிப் பாஞ்சது அக்டோபர் 25. இங்கர்மன் சண்டை நவம்பர் 5. அதாவது இவர் போறதுக்குள்ள ரெண்டு பெரிய சண்டையும் முடிஞ்சிருச்சு! ஆனா லண்டன்ல எல்லாருக்கும் அந்த குதிரைப்படைப் படம்தான் வேணும். என்ன பண்றது? தப்பிச்சு வந்தவங்ககிட்ட கேட்டு கேட்டு வரைஞ்சாரு. வரைஞ்சு அந்தப் படைக்கு தலைமை தாங்குன லார்ட் கார்டிகன்கிட்ட கொண்டு போய் காமிச்சாரு, அவரு அப்ப தன் சொந்த உல்லாசப் படகுலதான் தங்கியிருந்தாரு (சிப்பாய் எல்லாம் சேத்துல, இவரு படகுல, அது தனிக் கதை). ஒரு பார்வை பாத்துட்டு எல்லாம் தப்புன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. திருத்தி ரெண்டாவது தடவை கொண்டு போறாரு, மறுபடியும் தப்பு. மூணாவது தடவை ஆஹா ஓஹோன்னு பாராட்டு. என்ன மாத்துனாருன்னு சிம்ப்சனே பின்னாடி எழுதிருக்காரு: மூணாவதுல லார்ட் கார்டிகன் முன்னாடி நல்லா தெரியற மாதிரி போட்டேன், அவ்வளவுதான்னு.

வெட்டிப்பேச்சு:
😂😂 இது நம்ம ஊரு கட்அவுட் கேஸ் மாதிரில்ல இருக்கு. தலைவர் முகம் பெருசா இல்லனா பேனர் தப்பு.

மண்குடுவை:
சிரிக்கிறதுக்கு நல்லா இருக்கு, ஆனா யோசிச்சா கொஞ்சம் பயமா இருக்கு தோழர்களே. கிட்டத்தட்ட 670 பேர் அந்தப் பள்ளத்தாக்குல குதிரையில போனாங்க, 100 பேருக்கு மேல செத்தாங்க. அந்த சாவுக்கு உலகம் பூரா சாட்சியா நிக்கிற படம், அதுக்கு காரணமான ஜெனரல்ல ஒருத்தரே மூணு தடவை பாத்து ஓகே பண்ண படம். இதை வச்சு "நேர்ல பார்த்த ஓவியர்"னு எப்படி சொல்றீங்க?

மைத்துளி:
சரியான கேள்வி. அந்தப் படத்த வச்சு சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அங்கயே இருந்தாரு, அந்தக் குளிர் காலம் முழுக்க பதுங்குகுழிலயும் கூடாரத்துலயும், 1855 செப்டம்பர்ல செவாஸ்டபோல் விழுற வரைக்கும். அந்தப் படங்கள பாருங்க. செத்துக் கெடக்குற குதிரைங்க, சேத்துல வண்டி இழுக்குறது, துருக்கில ஸ்குட்டாரி ஆஸ்பத்திரி வார்டுல ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் நிக்கிறது. இந்த மொத்த வரிசையும் கிட்டத்தட்ட 80 கல்லச்சுப் படமா 1855லயும் 56லயும் வந்துச்சு. "கிரிமியன் சிம்ப்சன்"னு பேரே வந்துருச்சு.

இன்னொண்ணு, நேர்ல பாத்தா உண்மைன்னு நாம நெனைக்கிறோம்ல? அதே கிரிமியாவுக்கு அடுத்த வசந்த காலத்துல ரோஜர் ஃபென்டன் கேமரா தூக்கிட்டு போனாரு. அவரோட பீரங்கிக் குண்டு கெடக்குற பள்ளத்தாக்கு ஃபோட்டோ ரெண்டு இருக்கு. ஒண்ணுல ரோட்டு மேல குண்டு கெடக்குது, இன்னொண்ணுல ரோடு காலியா இருக்கு. எது முதல்ல எடுத்தது, குண்ட யாரு நகத்துனதுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. கேமராவும் சத்தியசந்தன் இல்ல.

கனகா_வரைகிறேன்:
நான் ஞாயித்துக்கிழமை கும்பலா போய் தெருவுல உக்காந்து வரையிற கூட்டத்துல ஒருத்தி, அதனால கேக்குறேன். அந்தக் குளிர்ல வாட்டர்கலர் எப்படி? தண்ணி உறைஞ்சிடுமே. எனக்கு மார்கழி மாசம் கொடைக்கானல்ல வாஷ் (தண்ணி கலந்து பூசுற மெல்லிசுக் கலர்) காயறதுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, மடில வச்சு ஊதிட்டு உக்காந்திருந்தேன், பக்கத்துல டீ ஆறிப் போச்சு. எல்லாத்தையும் அங்கயே கலர் போட்டாரா?

மைத்துளி:
எல்லாத்தையும் இல்ல மேடம். முக்காவாசி பென்சில், மேல லேசா ஒரு வாஷ், ஓரத்துல குறிப்பு. அப்புறம் கூடாரத்துல உக்காந்து முழுசா போட்டு லண்டனுக்கு அனுப்புறது. ஆனா ஒண்ணு, அவருக்கு ஒரு தலைமுறை முன்னாடி பொறந்திருந்தா இதுவும் முடிஞ்சிருக்காது. அப்பல்லாம் கேக்கு மாதிரி இறுகுன கலர் கட்டிய தட்டுல தேய்ச்சு தேய்ச்சு கரைக்கணும். வின்சர் அண்ட் நியூட்டன் 1830கள்லதான் கிளிசரின் சேத்து எப்பவும் ஈரப்பதமா இருக்குற கலர கொண்டு வந்தாங்க, கூடவே 1834ல சைனீஸ் ஒயிட்னு துத்தநாக வெள்ளை. தகர டப்பா, பாக்கெட்டுல போட்டா போச்சு. இந்த சின்ன டப்பா இல்லனா போர்முனை ஓவியர்னு ஒரு வேலையே இருந்திருக்காதுன்னு நான் நெனைக்கிறேன்.

கனகா_வரைகிறேன்:
ஆமா ஆமா, நானும் ஓரத்துல எழுதிப்பேன், "சுவர் பழுப்பு, நிழல் ஊதா கலந்தது, சைக்கிள் இல்லாம போடு"ன்னு 😄 வீட்டுக்கு வந்து பாத்தா நம்ம கையெழுத்தே நமக்கு புரியாது.

அவரு வெள்ளைய கெட்டியா போடுற இடம் நெட்ல பெருசு பண்ணி பாத்தா தெரியுது, குதிரை சேணத்துல, துணி மடிப்புல. எங்க குருப்ல வெள்ளை யூஸ் பண்ணா பாவம் மாதிரி பேசுவாங்க, பேப்பர் வெள்ளையத்தான் விடணும்னு. இவரு கவலையே படல போல.

சிவகாசி_மிஷின்மேன்:
தம்பி மைத்துளி, கல்லச்சுன்னு சொன்னதும் உள்ள வந்துட்டேன். நான் 31 வருஷம் ஆஃப்செட்ல நின்னவன், இப்ப ரிட்டயர்டு. நான் சின்னப் பையனா சேர்ந்த பிரஸ்ல மூலைல ரெண்டு கல்லு கெடந்துச்சு, யாரும் தூக்க முடியாம கெடந்துச்சு, அதுமேல உக்காந்துதான் சாப்பிடுவோம். பெரியவரு ஒருத்தர் இருந்தாரு, அவருதான் வெவரமா சொல்லிக்குடுத்தாரு. ஜெர்மனிலேர்ந்து வர்ற சுண்ணாம்புக்கல்லு, வழுவழுன்னு தேய்ச்சு, எண்ணெய்ப் பசை உள்ள கிரேயான்ல இடவலம் மாத்தி வரையணும். அப்புறம் கருவேலம் பிசினும் ஆசிடும் பூசணும். தண்ணி வச்சா வரையாத இடம் தண்ணிய புடிச்சுக்கும், இங்க் உருட்டுனா வரைஞ்ச இடத்துல மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணியும் சேராது, அவ்வளவுதான் சூத்திரம். இன்னைக்கு நாங்க பிளேட்ல பண்றதும் அதேதான், கல்லு போய் அலுமினியம் வந்துச்சு.

கலர் படம்னா ஒரு கலருக்கு ஒரு கல்லு. பத்து கல்லு, பன்னெண்டு கல்லு. ஒவ்வொண்ணும் ஒரு முடி அளவு நகந்தாலும் ரிஜிஸ்டர் அவுட், மூக்கு ஒரு பக்கம் மூக்குத்தி ஒரு பக்கம் போயிரும். வெட்டிப்பேச்சு தம்பி மரப்பாச்சின்னு சொன்னது இதனாலதான் இருக்கும். வாட்டர்கலர்ல ஓடுற தண்ணிய கல்லுல புடிக்க முடியாது. கிரேயான் மணி மணியாத்தான் விழும்.

வெட்டிப்பேச்சு:
அண்ணாச்சி வணக்கம் 🙏 இப்பத்தான் புரியுது. அப்ப நான் திட்டுனது சிம்ப்சன இல்ல, கல்ல.

சிவகாசி_மிஷின்மேன்:
கல்ல மட்டும் இல்ல தம்பி, கல்லுல எடுத்துப் போட்டவனையும் சேத்து திட்டணும். அவன் வேற ஆளு.

மைத்துளி:
அண்ணாச்சி சொன்னதுலதான் மேட்டரே இருக்கு. சிம்ப்சன் தானே கல்லுல வளந்தவரு. தான் வரையிறது கடைசில எப்படி அச்சுல வரும்னு அவருக்கு தெரியும். அதனால வரையும்போதே அச்சுக்கு ஏத்த மாதிரி விளிம்ப தெளிவா போட்டு, கட்டடம் நேரா நின்னு, யாரு எங்க நிக்கிறான்னு புரியற மாதிரி வரையிற பழக்கம் கைல ஏறிருச்சு. டர்னருக்கு அந்தக் கவலை இல்ல, அவரு கரைச்சு விட்டுருவாரு, அச்சுல கொண்டு வர்றது செதுக்குறவன் தலையெழுத்து.

சரி, இப்ப தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வர்றேன்.

1840கள்ல டேவிட் ராபர்ட்ஸ்னு இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோ பக்கம் ஸ்டாக்பிரிட்ஜ், செருப்பு தைக்கிறவர் மகன், அவரு எகிப்துக்கும் ஜெருசலேமுக்கும் போயி வரைஞ்சது 247 கல்லச்சுப் படமா வந்து சக்கை போடு போட்டுச்சு. அத அச்சடிச்சது டே அண்ட் ஹாகே. அந்தக் கம்பெனிதான் பின்னாடி டே அண்ட் சன். 1857 முடிஞ்சு இங்கிலாந்துல எல்லாரும் இந்தியா இந்தியான்னு பேசுற நேரம். கம்பெனி கணக்கு போட்டுச்சு: ராபர்ட்ஸுக்கு கெழக்கத்திய நாடுன்னா, நமக்கு இந்தியா. 250 படம், பிரம்மாண்ட புக்கு. சிம்ப்சன அனுப்பு.

1859 அக்டோபர் கடைசில கல்கத்தால வந்து இறங்குனாரு. கவர்னர் ஜெனரல் கேனிங் வடக்க ஊர் ஊரா தர்பார் நடத்திட்டு போற பெரிய ஊர்வலத்துல இவரும் ஒட்டிக்கிட்டாரு. கேனிங்கோட மனைவி ஷார்லட் நல்லா வாட்டர்கலர் போடுறவங்க. கான்பூர் தர்பார், அமிர்தசரஸ் பொற்கோயில், கங்கோத்ரி, காஷ்மீர்ல சால்வை நெய்யிறவங்க, சட்லெஜ் பள்ளத்தாக்குல மேல மேல ஏறி சினி வரைக்கும் (இப்ப கல்பான்னு சொல்றோம்ல, ஆப்பிளுக்கு பேர் போன கின்னோர்ல). 1862ல ஊர் திரும்பி, அடுத்த நாலு வருஷம் உக்காந்து ஸ்கெட்ச் எல்லாத்தையும் 250 முழு வாட்டர்கலரா முடிச்சுக் குடுத்தாரு.

கம்பெனி திவால்.

250 படமும் கம்பெனி சரக்கு. கடன்காரங்களுக்குக் குடுக்க சரக்கோட சரக்கா வித்துட்டாங்க. 1867ல ஒரு புக்கு வந்துச்சு, ஜான் வில்லியம் கே எழுத்தோட, ரெண்டு பாகம், 50 படம் மட்டும். மீதி 200 சிதறிப் போச்சு. என் வாழ்க்கையோட பெரிய பேரழிவு இதுதான்னு அவரே எழுதிருக்காரு. போர்க்களம் பூரா சுத்துன மனுஷன், பேரழிவுன்னு சொன்னது இத.

லோகு84:
அய்யோ. நான் ஃப்ரீலான்ஸ் டிசைனர். ஒரு கம்பெனிக்கு ஆறு மாசம் வேலை பாத்து ஃபைல் எல்லாம் அனுப்பின அப்புறம் ஃபோன் எடுக்கல, ஆபீஸ் போனா பூட்டு. பக்கத்துக் கடைக்காரர் "நீங்க எத்தனாவது ஆளு தம்பி"ன்னு கேக்குறாரு. ஆறு மாசத்துக்கே எனக்கு காய்ச்சல் வந்துச்சு, இவருக்கு ஏழு வருஷம்.

ஒரு டவுட்டு, படம் போட்டவர் கைல ஒரிஜினல் ஏன் இல்ல? அட்வான்ஸ் வாங்கியிருந்தாரா?

மைத்துளி:
கம்பெனி அனுப்பி, கம்பெனிக்காக போட்டது லோகு. படம் அவங்களது. அந்தக் காலத்துல ஒரிஜினல் வாட்டர்கலர்னா புக்கு போடறதுக்கான மூலப்பொருள், அவ்வளவுதான் மரியாதை, அண்ணாச்சி பிரஸ்ல பாசிடிவ் ஃபிலிம் மாதிரி. இப்ப அந்தப் படங்கள்ல பல லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. பொற்கோயில் படம் ஒண்ணு அங்க இருக்கு, அத ஜூம் பண்ணி பாருங்க வெட்டிப்பேச்சு, தண்ணில தங்கம் விழுற எடத்துல நீங்க கேட்ட மூடுபனி கொஞ்சம் கெடைக்கும்.

மண்குடுவை:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி பேசிக்கிறேன். அவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா எல்லாரும் அவரோட நஷ்டத்தையே பேசுறோம். 1859ல இந்தியா எப்படி இருந்துச்சு? ரெண்டு வருஷம் முன்னாடி தூக்குல போட்டு, பீரங்கி வாய்ல கட்டி சுட்டு முடிச்ச நாடு. அதுல கவர்னர் ஜெனரல் யானை மேல தர்பார் நடத்திட்டு போறாரு, அந்த ஊர்வலத்துலயே ஒருத்தர் உக்காந்து கோயில், சால்வை, நாட்டியம்னு அழகழகா வரையிறாரு. இந்த அழகு யாருக்கு? லண்டன்ல வரவேற்பறை மேஜை மேல போடற புக்குக்கு. அபிசீனியாவுக்கும் அப்படித்தான் படையோட போனாரு, ஆப்கானிஸ்தானுக்கும் படையோட. எங்கயாவது தனியா, படை இல்லாம போனாரா?

மைத்துளி:
ஜெருசலேமுக்கு போனாரு, கிரேக்க நாட்டுல பழைய ஊரு மைசீனிக்கு போனாரு, பீக்கிங் போனாரு. ஆனா உங்க கேள்விய நான் தள்ளிவிடல, பெரும்பாலும் படை பின்னாடிதான் போனாரு, அதுல ஐயமில்ல. படை போன ரோட்டுலதான் நியூஸ்பேப்பர் காசும் போச்சு.

என் பக்கம் ஒண்ணு மட்டும் சொல்றேன். அதே ஆப்கான் சண்டைல, 1879ல, ஜலாலாபாத் பக்கத்துல அஹின் போஷ்னு ஒரு புத்த ஸ்தூபி. ராணுவம் மேல போக காத்துட்டிருக்கு, இவரு ஆள வச்சு அத தோண்டுறாரு. நடுவுல தங்கத்துல ஒரு தாயத்துப் பேழை, கூட தங்கக் காசு. கனிஷ்கர், ஹுவிஷ்கர் காலத்து குஷாணக் காசு, கூடவே ரோமானியக் காசு, டொமிஷியன், டிராஜன், ஹேட்ரியன் பொண்டாட்டி சபீனா. ரோம்லேர்ந்து ஜலாலாபாத்துக்கு! ஒரு ஸ்கெட்ச் போடுற ஆளு தோண்டுனது அது.

மண்குடுவை:
அந்தக் காசு இப்ப எங்க இருக்கு?

மைத்துளி:
...பிரிட்டிஷ் மியூசியத்துல.

மண்குடுவை:
நான் வேற ஒண்ணும் சொல்லல.

வெட்டிப்பேச்சு:
மண்குடுவை தோழர் ஒரே கேள்வில ஆட்டத்த முடிச்சிட்டாரு 😂

கடல்நண்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நேத்து நைட்டு முழு இழையும் படிச்சேன். நியூஸ்பேப்பர்னு மைத்துளி சொன்னாரே, சிம்ப்சன் படம் அனுப்புன இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ். அந்தப் பத்திரிகை எப்படி படம் போட்டுச்சுங்கிறது தெரிஞ்சா ஒரு விஷயம் புரியும்.

இவரு சீனாலேர்ந்தோ அபிசீனியாலேர்ந்தோ ஒரு ஸ்கெட்ச் தபால்ல போடுவாரு. லண்டன்ல வேற ஒருத்தர் அத புளியங்கொட்டை மாதிரி கெட்டியான ஒரு மரத்துல, பாக்ஸ்வுட்டுன்னு சொல்வாங்க, அதுல திருப்பி வரைவாரு. அந்த மரம் பெருசா கெடைக்காது. அதனால சின்னச் சின்னக் கட்டைங்கள பின்னாடி போல்ட்டு போட்டு சேத்து ஒரு பெரிய கட்டையா வச்சிருப்பாங்க. வரைஞ்சதும் போல்ட்ட கழட்டி ஆளுக்கு ஒரு துண்டா குடுத்துருவாங்க. ஒருத்தர் வானத்த செதுக்குவாரு, ஒருத்தர் குதிரைக் காலு, ஒருத்தர் கூட்டம். ராத்திரியோட ராத்திரியா முடிச்சு மறுபடி போல்ட்டு முடுக்கி அச்சுக்கு. சில படத்துல உத்துப் பாத்தா அந்தக் கட்டை சேந்த கோடு வெள்ளையா தெரியும். கலரே கெடையாது, கறுப்பு வெள்ளை.

அதாவது இந்த ஆளு 1866லேர்ந்து வருஷக்கணக்கா உலகம் சுத்தி கலர்ல பாத்தது மொத்தமும் வாசகருக்கு கறுப்புக் கோடாத்தான் போச்சு.

சிவகாசி_மிஷின்மேன்:
நல்ல வேலை தம்பி அது. நைட் ஷிப்டுல தீபாவளிக் காலண்டர் ஓட்டுற மாதிரி. ஆளுக்கு ஒரு துண்டு, யார் படம்னு யாருக்கும் தெரியாது.

கனகா_வரைகிறேன்:
எனக்கு மனசு அடிச்சுக்குது. அப்ப அந்தக் கலர் எல்லாம் எங்க போச்சு?

மைத்துளி:
அவரே திரும்பி வந்து தனக்காக வாட்டர்கலரா போட்டு வச்சுக்கிட்டாரு மேடம், எல்லாத்தையும் இல்ல, பிடிச்சத. ஜெருசலேம் தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. 1869ல சூயஸ் திறப்புக்குப் போற வேலையோட ஜெருசலேம் போறாரு. அங்க சார்லஸ் வாரன்னு ராணுவ எஞ்சினியர் பழைய மதில் அடியில சுரங்கம் தோண்டிட்டிருக்காரு. சிம்ப்சன் கூட எறங்கிட்டாரு. பூமிக்கடியில, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல, பெரிய பெரிய தண்ணித் தொட்டி, வளைவு, சேறு. 1872ல லண்டன் பால் மால்ல அந்தப் படங்களுக்கு மட்டும் கண்காட்சி. அதுல வெளிச்சம் இருக்கே, ஒரு மூலைல குட்டி மஞ்சள், சுத்தி எல்லாம் இருட்டுப் பழுப்பு, ஆளு எவ்வளவு சின்னதா இருக்கான்னு அதுலதான் தெரியும். அங்க மரப்பாச்சி இல்ல.

இன்னொரு குறும்பு. 1870 பிராங்கோ பிரஷ்யன் சண்டை, பிரான்சுக்கும் ஜெர்மன்காரங்களுக்கும். பிரான்ஸ்ல மெட்ஸ் ஊர்ல யாராவது கைல பென்சில் வச்சிருந்தாலே ஒற்றன்னு புடிச்சு உள்ள போட்டுருவாங்க. இவரு என்ன பண்ணாரு, சிகரெட் சுத்துற மெல்லிசுத் தாள் புக்கு ஒண்ணு வாங்கிட்டாரு. அதுல குட்டியா வரையிறது. யாராவது சந்தேகப்பட்டு பக்கத்துல வந்தா புகையிலைய வச்சு சுத்தி பத்த வச்சிரலாம்.

வெட்டிப்பேச்சு:
யோவ்! தன் படத்த தானே ஊதித் தள்ளுற ஓவியரா. இத முதல்ல சொல்லிருக்கணும் நீங்க, நான் மரப்பாச்சின்னே சொல்லிருக்க மாட்டேன்.

லோகு84:
திவால் கம்பெனிக்குக் குடுக்குறதுக்கு புகைச்சிரலாம்.

கடல்நண்டு:
பீக்கிங் கதையும் சொல்லிருங்க மைத்துளி. 1872ல சீன ராஜா கல்யாணம். வெளிநாட்டுக்காரங்க யாரும் தெருவுக்கு வரக்கூடாதுன்னு உத்தரவு, ஊர்வலத்த பாக்கவே கூடாது. இவரு போனதே அதப் பாக்கத்தான். ஒரு கடைக்குள்ள ஒளிஞ்சு உக்காந்து சந்து வழியா பாத்து வரைஞ்சிருக்காரு. அப்படியே கெழக்கால போயி கலிஃபோர்னியால அமெரிக்க ராணுவத்துக்கும் மோடாக் பழங்குடிக்கும் 1873ல சண்டை நடந்த எரிமலைப் பாறைக்காட்டுக்கும் போய்ட்டுதான் வீடு திரும்புனாரு.

மைத்துளி:
சொல்லிட்டீங்களே. நான் மைசீனி சொல்றேன். 1877ல ஷ்லீமன்னு ஜெர்மன் தொல்லியல்காரர் தோண்டுனத பாக்க பத்திரிகை அனுப்புது, அப்படியே ட்ராய்க்கும் போறாரு. உலகமே ஷ்லீமன தலைல தூக்கி வச்சு ஆடிட்டிருக்கு, ட்ராய் கதைல வர்ற பிரையம் ராஜா அரண்மனைய கண்டுபுடிச்சிட்டாருன்னு. சிம்ப்சன் போனாரு, சுவர அளந்து பாத்தாரு, வரைஞ்சாரு, திரும்பி வந்து இதெல்லாம் ஒரு அரண்மனையான்னு கேக்குற மாதிரி கட்டுரை எழுதிட்டாரு. ஷ்லீமனுக்கு செம கடுப்பு. பள்ளிக்கூடமே ஒழுங்கா போகாதவரு, ஆனா அம்பது ஊர்ல சுவர் சுவரா வரைஞ்சு பாத்த கண்ணு. சுவர் தடிமன வச்சு இது ராஜா வீடா இல்ல சாதா வீடான்னு சொல்லுற கண்ணு. கார்டிகன் முன்னாடி மூணு தடவை மாத்திப் போட்ட அதே ஆளுதான் இது, வயசு 53 ஆச்சு, இனிமே எவனுக்காகவும் மாத்தலன்னு தோணிருச்சோ என்னமோ.

மண்குடுவை:
இந்த எடத்துல நான் கொஞ்சம் இறங்கி வர்றேன். இது பிடிச்சிருக்கு.

கனகா_வரைகிறேன்:
ஏன் இவரு பேரு வாட்டர்கலர் பேச்சுல வரமாட்டேங்குதுன்னு ஒரு எண்ணம் இருக்குன்னு முதல்ல சொன்னீங்களே, அத சொல்லாம போகாதீங்க.

மைத்துளி:
சொல்றேன், தப்பா இருந்தா திட்டுங்க. வாட்டர்கலர்னா நாம ஓவியரோட மூட பாக்க பழகிட்டோம். மழை, மூட்டம், அவரு மனசு. சிம்ப்சன் மூட காமிக்கிறதே இல்ல. எதிர்ல இருக்குறது என்னன்னு காமிக்கிறாரு, அவ்வளவுதான். அது தகவல்னு நாம ஒதுக்கிட்டோம். அவரு வாழ்ந்தப்ப ராயல் இன்ஸ்டிட்யூட் வாட்டர்கலர் சங்கத்துல உறுப்பினரா இருந்தாரு, மரியாதை இருந்துச்சு. செத்தப்புறம் ஃபோட்டோ வந்து அந்த வேலைய தூக்கிட்டுப் போயிருச்சு, இவரு பழைய நியூஸ்பேப்பர் ஆயிட்டாரு.

நேர்மையா சொல்லணும்னா எல்லாப் படமும் நல்லால்ல. தர்பார் படம் நாலு பாத்தா அஞ்சாவது பாக்கத் தோணாது. கூட்டத்த போடும்போது கை இறுகிப் போயிரும். பென்சில் ஸ்கெட்ச்சும் இடிஞ்ச கட்டடமும் சுரங்கமும்தான் அவரோட பலம்.

கடல்நண்டு:
புத்த மதத்துல மணிச்சக்கரம் (கும்பிடும்போது சுத்துற ஜெப உருளை) சுத்துறது பத்தி 1896ல ஒரு புக்கே எழுதிருக்காரு. இமயமலைல சுத்தி சுத்தி பாத்தத முப்பத்தஞ்சு வருஷம் மனசுல வச்சிருந்து எழுதுனது. இதுவும் வாட்டர்கலர்காரர் வேலைன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க.

சிவகாசி_மிஷின்மேன்:
கடைசி காலம் எப்படி தம்பி? கல்யாணம் காட்சி உண்டா? இவ்வளவு சுத்துனவன் வீட்ல நின்னானா?

மைத்துளி:
லேட் கல்யாணம் அண்ணாச்சி, 1881ல, வயசு 57. மரியா எலைசா பர்ட், அவங்களும் ஓவியர். ஒரே மக. கல்யாணத்துக்கு அப்புறமும் 1884ல ஆப்கான் எல்லைக் கமிஷனோட பாரசீகம் வழியா போய்ட்டு வந்தாரு, விடல. 1899 ஆகஸ்ட் 17 லண்டன் வில்ஸ்டன்ல வீட்ல செத்தாரு, ஹைகேட்ல அடக்கம். சுயசரிதை 1903லதான் அச்சாச்சு.

ஆனா சாகுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணாரு. பையனா இருந்தப்ப விடியக்காலம் எழுந்து கிளாஸ்கோ தெருவெல்லாம் வரைஞ்சாருன்னு முதல்ல சொன்னேன்ல, 1840கள்ல. அந்த ஸ்கெட்ச்சு புக்கு எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தாரு. கிரிமியா, இந்தியா, சீனா எல்லாம் போய் வந்தும் அது கூடவே இருந்துச்சு. வயசான காலத்துல உக்காந்து அத ஒண்ணொண்ணா வாட்டர்கலரா போட்டாரு. 1899ல புக்கா வந்துச்சு, படங்கள கிளாஸ்கோ நகராட்சியே வாங்கிருச்சு.

இதுல என்னன்னா, அந்தத் தெருவெல்லாம் அதுக்குள்ள இல்ல. 1866லேர்ந்து நகரத்த சீர்படுத்துறோம்னு ஹை ஸ்ட்ரீட் பக்கத்து பழைய சந்தெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டாங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி தாமஸ் அன்னன் ஃபோட்டோ எடுத்து வச்சாரு, அது ஃபேமஸ், ஈரச் சுவரு, கொடில தொங்குற துணி, ஆள் நகந்தா பேய் மாதிரி கலைஞ்சு இருக்கும். சிம்ப்சன் படம் அதுக்கும் இருபத்தஞ்சு வருஷம் முந்தின தெரு. கலர்ல.

கனகா_வரைகிறேன்:
அந்தப் பழைய ஸ்கெட்ச்ல கலர் குறிப்பு எழுதிருந்தாரா, இல்ல அம்பது வருஷம் கழிச்சு ஞாபகத்துலேர்ந்து போட்டாரா? இது எனக்கு தெரிஞ்சே ஆகணும், நான் 2009ல எங்க பாட்டி வீட்ட பென்சில்ல போட்டது ஒண்ணு இருக்கு, வீடு இப்ப இல்ல, கதவு பச்சையா நீலமான்னு வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வெட்டிப்பேச்சு:
ரெண்டு விதமாவும் போட்டுருங்க மேடம். மூணாவதுல பாட்டிய முன்னாடி பெருசா நிக்க வச்சிருங்க, எல்லாரும் ஓகே சொல்லிருவாங்க.

சிவகாசி_மிஷின்மேன்:
அந்தக் காலத்து கதவுன்னா பச்சைதான்மா. போட்டு இங்க ஏத்து, பாப்போம்.